சோபா அக்காவின் இடது முட்டி

போட்டி அரங்கத்தில் என் அண்ணிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சோபா, உட்காருகிற சோபாதான். முதலில் வைத்தவன் யாரென்று தெரிந்தால் அவன் தலையை ஒட்ட மழித்து அனுப்பியிருப்பேன். நான் பார்லரில் முடி வெட்டுகிறவள், மெஷின் எப்போதும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஆனால் அண்ணிக்கு அந்தப் பெயர்மேல் கோபமே கிடையாது. வேற்று ஜிம் பையன்கள், "சோபா அக்கா வந்துட்டாங்கடா" என்று கிசுகிசுத்தால் திரும்பிப் பார்த்து, "ஆமா தம்பி, வந்து சாஞ்சுக்கோங்க" என்பாள். பையன்கள் அசடு வழிவார்கள்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. அதைத் தடுமாறாமல் சொல்லவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அடி, உதை, குத்து எதுவும் இல்லை. தடித்த சட்டையைப் பிடித்து இழுத்து, மெத்தையில் உருண்டு புரண்டு, கழுத்தை நெரித்தோ கையை மடக்கியோ எதிராளி 'போதும்' என்று தட்டும்படி செய்ய வேண்டும். அதற்குள் நேரம் முடிந்தால் புள்ளிக் கணக்கு. மற்றவர்கள் ஆட்டுக்கிடா மாதிரி நின்றபடி முட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் விழவைக்கப் பார்ப்பார்கள். அண்ணி அந்த வம்புக்கே போகமாட்டாள். ஒரு கையால் காலர், ஒரு கையால் சட்டைக் கை, ஒரு பாதம் எதிராளியின் இடுப்பில். அப்படியே மெத்தையில் உட்கார்ந்து, உட்காரும்போதே அவளையும் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அப்புறம் இரண்டு கால்களுக்கு நடுவே அவளைச் சிறைவைத்து, கீழே கிடந்தபடியே தன் வேலையைக் காட்டுவாள். இதைத்தான் கார்டு இழுப்பது என்கிறார்கள். மேலே இருப்பவள் அந்தக் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து அமுக்கிவிட்டால் அவளுக்கு மூன்று புள்ளி. அண்ணியின் கால்களைத் தாண்டினேன் என்று சொல்லிக்கொள்ள ஆள் அதிகம் கிடையாது.

தெரியாதவர்களுக்கு இது கோழைத்தனமாகப் படும். "நின்னு சண்டை போடத் துப்பில்லையா" என்று ஒரு போட்டியில் பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். நான் அவனிடம் போக எழுந்துவிட்டேன், அண்ணன்தான் என் துப்பட்டாவைப் பிடித்து உட்கார வைத்தான். வீட்டுக்கு வரும் வழியில், ஏன் எப்பவும் உட்காருகிறீர்கள் என்று அண்ணியிடமே கேட்டேன்.

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கேன்டி. அங்கேயாவது உக்காரலாம்ல?"

விளையாட்டுக்குச் சொன்னாள் என்றாலும் அதில் உண்மை இருந்தது. அண்ணிக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில். கட்டடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத நீளமான அறை. ஈரமான பெட்ஷீட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, இழுத்து, சுருக்கம் விழாமல் சூடான ரோலருக்குள் விட வேண்டும். ரோலர் நாள் முழுக்க ஆவி கக்கும். மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று வெளியே வந்தால்தான் தெரியும். பதினைந்து வருடம் அந்த ஆவியில் நின்றதில் அவள் முன்கை இரண்டிலும் கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு. விரல்களோ இடுக்கி. எங்கள் வீட்டில் ஜாடி மூடி இறுகிப்போனால் யாரும் என் அண்ணனைக் கூப்பிடமாட்டார்கள்.

அந்த விளையாட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்ததே துவைக்க வந்த துணியால்தான். ஒரு ஜிம்மிலிருந்து மூட்டை மூட்டையாக முரட்டு வெள்ளைச் சட்டைகள் வரும். எல்லாவற்றிலும் காலர் மட்டும் நைந்திருக்கும், முழங்கைப் பக்கம் கிழிந்திருக்கும். "எவடி இதை இப்படிப் பிச்சு எடுக்குறா" என்று அண்ணிக்கு மண்டை குடைந்துவிட்டது. ஒரு நாள் வண்டிக்காரரிடம் கொடுக்காமல் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவளை அங்கிருந்த மாஸ்டர் உள்ளே கூப்பிட்டு, "சும்மா என் காலரைப் பிடிச்சுப் பாருங்கம்மா" என்றார். பிடித்தாள். அவர் உதறினார், திரும்பினார், குனிந்தார், பிடி விடவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றித்தான் தப்பித்தார். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அங்கே போக ஆரம்பித்தாள். அவளுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று.

அவள் தனக்கென்று வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. பிடிக்காமல் உட்காரக் கூடாது. கையில் எதிராளியின் துணி இல்லாமல் சும்மா உட்கார்ந்தால் நடுவர் அபராதம் போடுவார் என்பது வேறு விஷயம். அண்ணி சொல்வது அதில்லை. "பிடி இருந்தாதான் நான் உக்காருறேன். பிடி இல்லன்னா விழுறேன்" என்பாள். புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே காதில் ரத்தம் வரவைப்பாள்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். அவன் அதே லாண்டரியில் சூப்பர்வைசர். இருவரும் பழகியதும் கல்யாணம் செய்துகொண்டதும் அங்கே இருந்தபோதுதான். காலையில் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அண்ணி போட்டிக்குப் போகும்போதெல்லாம் அவன் கூடவே வருவான். பையைத் தூக்குவான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவான், ஜெயித்தால் எல்லோருக்கும் முன்னால் கைதட்டுவான். ஜிம் பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் சோபா கவர். அதைச் சொன்னால் சிரிப்பான். அந்தச் சிரிப்பு பல்லோடு நின்றுவிடும், கண்ணுக்குப் போகாது. எனக்கு அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். தங்கமான மனுஷன் என்று பார்லருக்கு வருகிறவர்களிடமெல்லாம் இவனைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொருத்திக்கு ஜிம்மில் வைத்த பெயர் கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், அவளுக்கே பார்வை மட்டம். மெத்தையில் ஏறும்போது கண்ணாடியைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்துவிட்டு, எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாமல் முழிப்பாள். அவளுக்குக் கார்டு சொல்லிக் கொடுத்தது அண்ணி. ஆறு வருடம் இருவரும் ஜோடியாகப் பயிற்சி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவளுக்கு எங்கள் வீட்டில்தான். என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடும் அளவுக்கு உரிமை.

போன வருடம் மாஸ்டர் ஒரு சேதி கொண்டுவந்தார். நகரசபை விளையாட்டுக் கூடத்தில் பெண்களுக்கென்று தனி வகுப்பு தொடங்குகிறார்கள். கற்றுக்கொடுக்க ஒரு பெண் வேண்டும், முழுநேர வேலை. அந்த வருடப் போட்டியில் மாஸ்டரின் ஜிம்மிலிருந்து எந்தப் பெண் தங்கம் வாங்குகிறாளோ அவளுக்கே அந்த வேலை என்று கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஜிம்மில் பெண்கள் பத்துப் பேர் இருந்தாலும் தங்கம் வாங்கக்கூடிய ஆள் இரண்டே பேர். இருவரும் ஒரே எடைப் பிரிவு, ஒரே நிறப் பெல்ட்.

அண்ணி அன்றைக்கு நேராக என் பார்லருக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கூடத்தைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒரு பக்கம் பூரா ஜன்னல்டி. இம்மாம் பெரிய ஜன்னல். மெத்தை மேல வெயில் விழுது."

"அண்ணா என்ன சொன்னான்?"

"அவருகிட்டதான் முதல்ல சொன்னேன். 'ஜெயிச்சுட்டு வா, பாத்துக்கலாம்'னாரு."

"கண்ணாடி?"

"அவ, 'எனக்கு எதுக்குக்கா இதெல்லாம், எனக்குக் கடை இருக்கு. இது உங்களுக்குன்னே வந்தது'ன்னு சொல்றா. என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. எதற்குமே ஆசைப்படாத பொம்பளை. புடவை வேண்டாம், நகை வேண்டாம், ஊர் சுற்ற வேண்டாம். அவளாக வாய்விட்டுக் கேட்டது அந்த ஜன்னல் ஒன்றைத்தான்.

போட்டியன்று காலையில் நான்தான் அவள் தலையைப் பின்னிவிட்டேன், யார் இழுத்தாலும் அவிழாத பின்னல். விரல்களுக்கு டேப் சுற்றிவிட்டேன். அண்ணன் வழக்கம்போலப் பையும் பாட்டிலுமாக மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தான். அண்ணி முதல் ஆட்டத்தில் வந்தவளை உட்கார்ந்தபடியே கழுத்தை நெரித்து அனுப்பினாள். அடுத்து வந்தவள் நல்ல வாட்டசாட்டம், வலது கையை மடக்கக் கொடுத்து, தட்டிவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் கண்ணாடியும் தன் ஆட்டங்களை ஜெயித்து வந்தாள். கடைசி ஆட்டத்தில் எதிரெதிரே நிற்க வேண்டியவர்கள் இவர்கள் இருவரும்தான்.

இந்த இடத்தில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஜிம்மைச் சேர்ந்த இருவர் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டால் மெய்யாக மோதமாட்டார்கள். தங்கம் யாருக்கு, வெள்ளி யாருக்கு என்று தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள். எனக்கு முதலில் இது கூட்டுக் களவாணித்தனமாகத்தான் பட்டது. ஆனால் அவர்களுக்கு அது மரியாதை. தினமும் தன் கழுத்தை நம்பி ஒப்படைக்கிறவளைப் பத்துப் பேர் முன்னால் நெரிக்கக் கூடாது என்பார்கள். சில போட்டிகளில் மெத்தையில் ஏறாமலே நடுவரிடம் சொல்லிவிடலாம். இந்தப் போட்டியில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றார்கள். மாஸ்டர் இருவரையும் பார்த்து, "உங்களுக்குள்ள பேசிக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போய் நின்றுகொண்டார்.

நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது பேச்சு முடிந்துகொண்டிருந்தது. கண்ணாடிதான் வழி சொன்னாள்.

"ரெண்டு பேரும் சேந்து உக்காந்துடுவோம்க்கா. நான் எந்திரிக்க மாட்டேன். நீங்க எந்திரிச்சு மேல வந்துடுங்க. அதுக்கு உங்களுக்கு அட்வான்டேஜ் கொடுப்பாங்க, புள்ளி சமமா நின்னா ஜெயிக்க அது போதும். மிச்ச நேரம் சும்மா உருண்டுட்டு இறங்கிடலாம்."

"அழுத்திப் பிடிக்கட்டுமா?"

"எதுக்குக்கா? நான்தானே."

அண்ணி சிரித்தாள். கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்ட, அதை வாங்கி என் கையில் கொடுத்தாள். "பத்திரம், கீறல் விழுந்துடப் போகுது" என்றாள். அவளுடைய கண்ணாடியில் கீறல் விழக் கூடாதாம்.

நடுவர் கையசைத்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார்கள். அண்ணி அவள் சட்டைக் கையை ஒப்புக்குத் தொட்டாள், தொட்டது மட்டும்தான். எத்தனை பேருக்குப் படித்துப் படித்துச் சொன்னவள், அன்றைக்குப் பிடிக்காமல் உட்கார்ந்தாள். கண்ணாடியும் முழங்காலை மடக்கினாள், உட்காரப் போகிறவள் மாதிரியே. ஆனால் உட்காரவில்லை. குனிந்து அண்ணியின் கால்சட்டையை இரண்டு முட்டிப் பக்கமும் கொத்தாகப் பிடித்துத் தள்ளினாள். தன் காலை நேராக அண்ணியின் இடது முட்டிமேல் போட்டு, அதைத் தரையோடு அழுத்தி, அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போய் அமுக்கிவிட்டாள். நடுவர் மூன்று விரலைக் காட்டினார்.

முதலில் அண்ணி சிரித்தாள். கண்ணாடி ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் அந்த முட்டிமேல் மறுபடியும் எடை விழுந்தது. அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் தலையைத் திருப்பினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, மாஸ்டரைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

"காலரைப் பிடிங்கம்மா, பிடிங்க" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். நேரம் நிறைய இருந்தது. அண்ணி அதைவிட மோசமான நிலைமையிலிருந்து புரட்டிப் போட்டு ஜெயித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் எதையும் பிடிக்கவில்லை. இடுக்கி மாதிரி இருந்த கைகள் இரண்டும் மெத்தையில் விரிந்து கிடந்தன. கண்ணாடி மேலே ஏறிக் காலரைச் சுற்றி நெரித்தபோது இரண்டு தட்டுத் தட்டினாள், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி மெதுவாக. அவ்வளவுதான். மூன்றாவது வரிசையில் என் அண்ணன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

மெடல் கொடுத்து முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் கண்ணாடியை மடக்கினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத் தயாராகத்தான் போனேன். "சோத்தைத் தின்னுட்டு..." என்று நான் ஆரம்பித்ததுமே அண்ணி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று கண்ணாடியிடம் கேட்டாள். "இடது பக்கம் போகச் சொன்னது அவருதானே?"

கண்ணாடி கழுத்திலிருந்த மெடலைக் கையால் மூடிக்கொண்டாள்.

"உன்கூட ஆறு வருஷமா உருண்டிருக்கேன். நீ எப்பவும் வலது பக்கம்தான் போவே. இன்னிக்கு ஏன் இடது?"

"இடது பக்கம் என்ன அண்ணி?" என்றேன் நான். எனக்கு எதுவும் புரியவில்லை.

அப்போதுதான் அண்ணி சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்னால் லாண்டரியில் தண்ணீர் கிடந்த தரையில் வழுக்கி இடது முட்டி திருகிக்கொண்டதாம். அந்த நேரத்தில் அங்கே இருந்தது அண்ணன் மட்டும். மாஸ்டருக்குத் தெரிந்தால் போட்டிக்கு விடமாட்டார், எதிராளிகளுக்குத் தெரிந்தால் அந்த முட்டியையே குறிவைப்பார்கள். அதனால் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஜிம்மில் எடை குறைக்கிறேன் என்று சாக்குச் சொல்லி, முட்டிக்கு வேலை கொடுக்காமல் பயிற்சி செய்திருக்கிறாள். தினமும் வேலைவிட்டு வந்ததும் அவன்தான் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்திருக்கிறான். கீழ்வீட்டில் குடியிருக்கிற எனக்கே தெரியாது.

"இந்த முட்டி விஷயம் உலகத்துல ஒருத்தருக்குத்தான் தெரியும்" என்றாள் அண்ணி. "அவ காலைப் போட்டப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு."

கண்ணாடி அழ ஆரம்பித்தாள். "அண்ணன் கடைக்கு வந்தாருக்கா. ஃப்ரேம் மாத்தணும்னு வந்தாரு. உங்க முட்டி சுத்தமா போயிடுச்சு, ஜெயிச்சா அந்த வகுப்புக்குப் போயி ஒரே வருஷத்துல ஊன்றுகோல் பிடிச்சுடுவீங்கன்னு டாக்டர் சொன்னதா சொன்னாரு. 'யாரு சொன்னாலும் கேக்கமாட்டா, உன்னாலதான் முடியும், இடது பக்கம் போனா வலியில தானா விட்டுடுவா'ன்னு அழுதாருக்கா. எனக்கு வேற வழி தெரியல."

"எந்த டாக்டர்?"

"எனக்கென்னக்கா தெரியும்."

"நான் எந்த டாக்டர்கிட்டயும் போகலையேடி."

நடைவழியில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒருத்தி வந்து கண்ணாடியின் மெடலைத் தொட்டுப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போனாள். எனக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"சரி, நீ நல்லதுக்குத்தான் செஞ்சேன்னே வச்சுக்குவோம். அப்ப அந்த வேலையை வேணாம்னு சொல்லிடுவேல்ல?"

அவள் என் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். அழுகை நின்றிருந்தது. "மாஸ்டர்கிட்ட பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேசினாளோ இல்லையோ, அடுத்த மாதம் அந்த ஜன்னல் பக்கத்தில் நின்று வகுப்பெடுத்தது அவள்தான்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அண்ணன் எங்களுக்கு முன்பே ஸ்கூட்டரில் வந்துவிட்டிருந்தான். நாங்கள் பஸ்ஸில் வந்தோம். உள்ளே நுழைந்தால், அந்தப் புண்ணியவான் அடுப்பில் வெந்நீர் வைத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒத்தடத்துக்கு ஆயத்தமாக நிற்கிறான். நாற்காலியை வேறு இழுத்துப் போட்டிருக்கிறான்.

"வா, முட்டியக் காட்டு. வீங்கியிருக்கும்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த வெந்நீரைத் தூக்கி அவன் தலையிலேயே கொட்டியிருப்பேன். கூடப் பிறந்தவன் என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூட இருந்தே குழி பறித்தவன் என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணியைப் பார்த்து, "உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றான்.

அண்ணி உட்காரவில்லை. இடது காலில் எடை போடாமல் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"டாக்டர் சொன்னார்னு சொன்னீங்களாமே?"

அவன் துண்டை முறுக்கினான். "போகாம இருந்தா என்ன, போயிருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாரு."

"நிஜமா எதுக்குன்னு சொல்லுங்க. கத்தமாட்டேன்."

அவன் துண்டை நாற்காலி முதுகில் போட்டான். அப்புறம் சொன்னான். மெல்ல, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ பாட்டுக்குப் போயிடுவே. ஜன்னலு, வெயிலுன்னு. அந்த லாண்டரிக் குழிக்குள்ள நான் மட்டும் தனியா என்ன பண்றது? காலையில வண்டியில பின்னால ஆள் இல்லாம எப்படிப் போறது? எல்லாரும் உன்னை மேல தூக்கி வச்சுப் பேசுறாங்க. நான் பையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்."

அவனுக்காகக்கூட எனக்கு ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நொடி. கதவைப் பிடித்திருந்த அண்ணியின் கையைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியும்ல அது?"

அவனுக்குத் தெரியும். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. கேட்டால் அவள் வாழ்நாள் முழுக்க அவனுக்காக விட்டுக்கொடுத்தவளாக இருப்பாள். தோற்றால் தோற்றவள், அவ்வளவுதான். ஒத்தடம் கொடுத்து, தேற்றி, மறுநாள் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். என் அண்ணன் போட்ட கணக்கு இது. அவனோடு வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா.

"யார்கிட்ட வேணும்னாலும் தோத்திருப்பேங்க" என்றாள் அண்ணி. "முட்டியைச் சொன்னீங்களே. உங்க கையால ஒத்தடம் கொடுத்த இடத்தைச் சொன்னீங்களே."

அவன் அழுதான். அழட்டும் என்று நான் அடுப்பை அணைத்தேன்.

அண்ணி வீட்டை விட்டுப் போகவில்லை. போய்விடுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் என் பார்லரிலேயே நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில், உங்கள் வேலையைப் பாருங்கள் என்பதுதான். அவள் அதே லாண்டரிக்குத்தான் போகிறாள். பஸ்ஸில் போகிறாள். ஆள் குறைகிற நாளில்கூட முன்பு மாதிரி ஒரே ஷீட்டில் அண்ணன் ஒரு முனையையும் அவள் ஒரு முனையையும் பிடிப்பதில்லை, உலர்த்தும் மெஷின் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் பேசுகிறாள், பரிமாறுகிறாள், சிரிப்பும் சில சமயம் உண்டு. அவன் நடந்துபோகும்போது மட்டும் அவள் கால்களை மெல்ல இழுத்துப் புடவைக்குள் வைத்துக்கொள்கிறாள். அவளுக்கே அது தெரிவதில்லை.

மாஸ்டரிடமும் போகவில்லை. ஊரின் மறுமுனையில் வேறொரு ஜிம்மில் சேர்ந்திருக்கிறாள். ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனேன். இன்னும் உட்காரத்தான் செய்கிறாள். ஆனால் பிடியைப் பார்க்க வேண்டுமே. பயிற்சிதானே, ஜோடியாக வந்த பெண் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். அண்ணி இரண்டு கையாலும் அவள் காலரை முறுக்கிப் பிடித்து, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் உட்கார்ந்தாள். அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஒத்தடம் இப்போது என் வேலை. பார்லரை மூடிவிட்டு மாடி ஏறிப் போவேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டுவாள். நேற்றும் போனேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததை மாடிப்படியை ஒட்டிய பார்லர் வாசலிலிருந்து நானே பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். துண்டைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு, "எங்க அண்ணி வலிக்குது? இடத்தைச் சரியா காட்டுங்க" என்றேன்.

என்னைப் பார்த்தாள். அன்பாகத்தான் பார்த்தாள், அதில் குறையில்லை. என் தலையைக்கூடத் தடவிக் கொடுத்தாள்.

"எங்கேயும் வலிக்கலடி" என்றாள். "ரெண்டு கால்லயும் வை."

இரண்டு காலிலும் வைத்தேன்.